கட்டம் 4417

குறுஞ்செய்தி வந்தபோது
நான் வரம்பில் குந்தியிருந்து
சரிந்த கதிரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தங்கள் கட்டத்தில் மூன்று நாள் மழை
இருநூற்றிப் பன்னிரண்டு மில்லிமீற்றர்.
நட்டஈடு ரூபா முப்பத்தாறாயிரம்
வைப்பிலிடப்பட்டது."

எனக்கு நட்டமே இல்லை.
மேட்டுக்காணி.
செருப்பைக் கழற்றிவிட்டு வந்த விருந்தாளி மாதிரி
தண்ணீர் ஓர் இரவு இருந்தது,
விடிய வடிச்சலுக்குள் இறங்கிப் போய்விட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
நேசதுரையின் நாலு ஏக்கரும்
தண்ணிக்குக் கீழே.
உன்னிச்சையில் வான்கதவு திறந்த இரவு
ஆறு அவன் வரம்பில் ஏறி நடந்தது.
அவனுக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்ததாம்,
டேட்டா முடிந்துவிட்டதென்று.

ஆவணியில், கமநல சேவை நிலையத்து மண்டபத்தில்,
ஒரே வாங்கில் இருந்துதான் கையெழுத்து வைத்தோம்.
கம்பனித் தம்பி டிலக்சன் சுவரில் படம் காட்டினான்:
மேலே செய்மதி, கீழே ஆயித்தியமலை,
ஊர் முழுக்கச் சதுரம் சதுரமாய்க் கோடு.
"இனி வயல் பார்க்க ஆள் வராது, அக்கா.
ஆறு மாதம் அலையத் தேவையில்லை.
மழையை அளப்போம். மழை பொய் சொல்லாது."
எனக்குப் பிடித்திருந்தது.
போன வெள்ளத்துக் காசு
அடுத்த வெள்ளத்துக்குத்தான் வந்தது;
அதற்குள் என் தோடு
அடகுக்கடையில் வட்டியாகிக் கரைந்திருந்தது.

யானைக்கு உண்டா என்று கேட்டான் நேசதுரை.
யானைக்கு இல்லை.
கபிலத்தத்திக்கு?
இல்லை.
வெள்ளத்துக்கு?
"மழைக்கு" என்றான் தம்பி.
மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவில்
ஒரு குளம் இருக்கிறதே என்று
அறுபது பேரில் ஒருவரும் கேட்கவில்லை.
குளத்துக்குக் கீழே பிறந்தவர்கள் நாங்கள்.

கோடு எங்கே போகிறதென்று பிறகுதான் பார்த்தேன்.
வாய்க்காலின் நடுவால்.
அவனும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று
சேறு வாரிப் போடுகிற வாய்க்கால்.

கோடு எங்களுக்குப் புதிதில்லை.
வலையிறவுப் பாலத்தில்
உரப்பையை எண்ணி எண்ணி விட்ட காலம் தெரியும்.
ஆனால் அங்கே ஒருவன் நின்றான்.
இரண்டு வார்த்தை கெஞ்ச
ஒரு முகம் இருந்தது.
4417க்கும் 4418க்கும் நடுவில் யாரும் இல்லை.

மூன்றாம் நாள்
வோட்டர் பம்ப் கேட்டு வந்தான்.
"உனக்கு வந்திட்டாமே, தவமலர்?"
"ஓம்."
"எவளவு?"
சொன்னேன்.
"நல்லது. ஒராளுக்காவது வந்திருக்கே."
அந்த 'ஆவது'
அன்றிரவு என் வீட்டில்தான் படுத்தது.

கம்பனிக்குக் கடிதம் எழுதினேன்:
மழையோடு வான்கதவு எத்தனை அடி என்பதையும்
எழுதிக்கொள்ளுங்கள்.
பதில் வந்தது, நன்றி என்று.

கமக்காரர் சங்கத்தில் எழும்பிச் சொன்னேன்:
காசு கிடைத்தவர்கள் நாலில் ஒன்றைப்
பொதுவில் போடுவோம்,
கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதற்கு.
"என்ர மழை, என்ர காசு" என்றார் பூபாலபிள்ளை.
சிலர் சிரித்தார்கள்,
சிலர் ஃபோனைப் பார்த்தார்கள்.
பதினொரு பேர் போட்டோம்.
அதில் இரண்டு பேர் நேற்றுத் திருப்பிக் கேட்டார்கள்.

இன்றைக்கு மதகுச் சுவரில்
சிவப்புப் பெயின்ரால் அடிக்கணக்குக் கீறுகிறோம்,
நேசதுரையும் நானும்.
தண்ணி இந்தக் கோட்டைத் தொட்டால்
பெட்டியைத் திறப்பது.
மழை எங்கே பெய்தாலும் சரி,
கதவை யார் திறந்தாலும் சரி.

"இன்னும் ஒரு சாண் கீழே போடு" என்கிறான்.
அவன் காணி பள்ளம்.
"கீழே போட்டால் வருசா வருசம் திறக்கவேணும்,
பெட்டி தாங்காது" என்கிறேன்.
சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது,
என் வாயில் கம்பனித் தம்பியின் குரல்.

தூரிகை கையில் இருக்கிறது.
பெயின்ற் காய்கிறது.
இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.